ஃபைலுக்கு வால் எதற்கு?

கணினித் திரையில் தூசு தேடும் ஒரு இனம் உண்டு. ஃபைல் பெயரின் பின்னால் ஒரு புள்ளியும் மூன்றெழுத்தும் வாலாகத் தொங்கினால் இவர்களுக்குச் சோறு இறங்காது. இது படமா, கடிதமா, வீட்டைக் கொளுத்த வந்த ஆசாமியா என்று சொல்வதே அந்த வால்தான். இருக்கட்டுமே, பார்க்க அசிங்கமாக இல்லையா?

எங்கள் இரிஞ்ஞாலக்குடை வாசகசாலைச் செயலாளர் பாஹுலேயன் மாஷைப் பாருங்கள், பழைய வாத்தியார். நாளிதழ்களை அடிமட்டம் வைத்து அடுக்குபவர், கொடிக்கயிற்றின் முடிச்சு வெளியே தெரியக்கூடாது என்பவர், அடுத்தவர் வேட்டியின் மடிப்பு கோணினால் கூட்டத்தையே நிறுத்துபவர். பொறுப்பேற்ற அன்றே, வாசகசாலைக் கணினியில் நூலகர் தெரியும்படி வைத்திருந்த எல்லா வால்களையும் மறைத்துவிட்டார்.

"வாலு தெரியலேன்னா உள்ள வர்றது எதுன்னு எப்படி மாஷே கண்டுபிடிக்கிறது?" என்றாள் நூலகர் ரெமணி சேச்சி.

"மூஞ்சியப் பார்த்தாத் தெரியாதா?"

அந்த ஓணத்துக்கு எழுபத்தைந்தாம் ஆண்டு மலர். கிழவர் கிழவிகள் எண்பது பேரின் வீட்டுக்குப் போய் அவர்கள் சொன்ன கதைகளை ரெமணி நேராகக் கணினியில் எழுதிச் சேர்த்திருந்தாள். அச்சுக்குப் போக வேண்டிய காலையில் யாரோ மாஷுக்கு ஒரு படம் அனுப்பினார்கள். மலரில் தன் முகம் வருகிறதென்றால் எங்கள் ஊரில் யார்தான் பொறுமையாக இருப்பார்கள்? பெயர்: 'செயலாளர் அட்டைப்படம்.ஜேபிஜி'.

எல்லா வால்களும் மறைந்த திரையில் இதற்கு மட்டும் ஏன் வால்? நீங்களும் நானும் பயந்திருப்போம். மாஷுக்குக் கோபம் வந்தது. பெயரைத் திருத்தி 'ஜேபிஜி'யை அழித்தார், அழகு பார்த்தார், பிறகு திறந்தார். நிஜ வால் 'இஎக்ஸ்இ', மாஷ் போட்ட திரைக்குள்ளேயே பத்திரமாக உட்கார்ந்திருந்தது. அது படமே இல்லை, திறந்ததும் மற்ற ஃபைல்களைப் பூட்டும் நிரல். இரண்டு நிமிடத்தில் எண்பது பேரின் கதையும் பூட்டிக்கொண்டது. பிரதி எங்கே? அதே கணினியில், மிக நேர்த்தியாக.

விழாவில், அட்டையை மட்டும் அச்சிட்டு உள்ளே வெள்ளைத்தாள் தைத்துக் கொடுத்தார் மாஷ். அவரவர் நினைவை அவரவரே எழுதிக்கொள்ளலாமாம்.

"அதுக்குள்ள அந்த எண்பதுல மூணு பேரு செத்துட்டாங்க மாஷே. அவங்களுத யாரு எழுதுவா?" என்றாள் ரெமணி.

மாஷ் மலர்களின் ஓரங்களைத் தட்டி நேராக்கினார்.

நீங்கள் எதையும் மறைக்கவில்லை என்கிறீர்கள். எழுந்துபோய் உங்கள் கணினியைப் பாருங்கள். வாங்கும்போதே வால்கள் மறைந்துதான் இருந்தனவா? அப்படியென்றால் மாஷ் உங்களைவிட ஒரு படி மேல். அவருக்காவது மறைத்தது தெரியும்.