கொழுப்பை அளந்த கயிறு

பெருநகர் கிராமத்தில் அந்த மாதம் பஸ்ஸெல்லாம் குண்டுப் பையன்களையே இறக்கிக்கொண்டிருந்தன. கயிற்றுச் சாமி வந்திருக்கிறார். மந்திரம் ஏற்றிய கயிற்றைப் பையனின் கழுத்தில் ஒரு சுற்று, இடுப்பில் ஒரு சுற்று விடுவார். உடம்பில் கொழுப்பு எத்தனை சதவீதம், அதில் யார் கண் எத்தனை சதவீதம் என்று புட்டுப்புட்டு வைப்பார். விஞ்ஞானம் இன்னும் அவ்வளவு தூரம் வரவில்லை.

சுகிர்தாவின் மகன் அரவிந்தன் ஒன்பதாம் வகுப்பு. அவனையும் அளந்தார்.

"முப்பது சதவீதம்மா. அதுல பாதி பக்கத்து வூட்டுக் கண்ணு. ராவுல சோறு கூடாது. விபூதி கரைச்ச தண்ணி மட்டும் குடு."

பக்கத்து வீடு இளமதியுடையது. சுகிர்தா அவளோடு பேச்சை நிறுத்தினாள். அடுத்த வாரம் கயிறு நாலு விரல் தளர்ந்தது. சாமி காலில் விழுந்து கும்பிட்டாள். அதற்கடுத்த வாரம் பையன் பள்ளி மைதானத்தில் சுருண்டு விழுந்தான். கொழுப்பு இறங்குகிற மயக்கம் என்ற சாமி, பகல் சோற்றையும் நிறுத்தச் சொன்னார்.

இளமதிக்குச் சேதி எட்டியது. அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. நேராகப் போய்க் கூட்டத்தில் நின்று கவனித்தாள். புதிதாக வந்த பையனிடம் சாமி, "மூச்ச வுட்டு வயித்தத் தளத்து கண்ணு" என்றார். போன வாரம் அளந்துவிட்டு மறுபடி வந்தவனிடம், "மூச்ச உள்ள இஸ்துப் புடிச்சிக்கினு சாமிய நெனை" என்றார். மற்றவர்கள் பக்தியில் கண்ணை மூடியிருந்தார்கள்.

"சாமி, உங்களுக்கு இன்னா கொழுப்பு கீது?" என்றாள் இளமதி.

"நமக்குப் பூஜ்யம்மா." சாமி தொப்பையைத் தடவிக்கொண்டார்.

"அளந்து காட்டுங்க, பாத்து புண்ணியம் கட்டிக்கிறோம்."

கூட்டம் உருகிப்போய்க் காட்டச் சொல்லிக் கெஞ்சியது. சாமியால் மறுக்க முடியவில்லை. இளமதி கயிற்றை வாங்கிச் சுற்றினாள்.

"மூச்ச வுடுங்க." முடிச்சுப் போட்டாள். "இப்ப இஸ்துப் புடிச்சிக்கினு சாமிய நெனைங்க."

கயிறு நழுவித் தொங்கியது.

"நின்ன எடத்துலயே நாலு விரலு எளச்சிட்டீங்க. பட்டினியும் கெடக்கல, விபூதித் தண்ணியும் குடிக்கல. இது யாரு வச்ச கண்ணு சாமி?"

முன்வரிசை வேதாசலம் தன் துண்டை இடுப்பில் இறுக்கி, மூச்சை இழுத்துப் பார்த்தார். அவரும் இளைத்தார். பிறகு கூட்டமே இளைத்தது. அந்தச் சந்தடியில் சாமி செய்யாறு பஸ்ஸைப் பிடித்துவிட்டார்.

கூட்டத்திலிருந்த சுகிர்தா தலை நிமிராமலே இளமதியிடம் வந்தாள். "வூட்ல சோறு கீதா இளமதி? நான் இன்னும் ஒலை வெக்கல."

"கீது. மொதல்ல புள்ளையக் கூட்டியா."

பையன் வயிற்றின் சுற்றளவு ஊருக்கே தெரிந்திருந்தது. உள்ளே சோறு இருக்கிறதா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. இனி எவனாவது கயிற்றோடு வந்தால், இடுப்பைக் காட்டுமுன் மூளையைக் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள். அதற்குப் பத்தியம் கிடையாது.