செத்த காசும் சித்தர் கட்டைவிரலும்

ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாது என்று டெல்லியில் அறிவித்த எழுபத்தெட்டாம் வருஷம். ஆரணி கொசப்பாளையத்து நெசவாளர் தெருவில் அந்த நோட்டைக் கண்ணால் பார்த்தவரே கிடையாது. ஆகவே யாரும் அழவில்லை. ஆனால் ஒரு பேச்சு மட்டும் கிளம்பியது. இனிமேல் பழைய தங்கக் காசுக்குத்தான் மவுசாம். பம்பாய் பார்ட்டி ஒருவன் ஒரு காசுக்கு ஒரு வீடே எழுதிக் கொடுக்கிறானாம். பேச்சு வந்த மறுநாளே காசு சித்தரும் வந்து இறங்கினார். இரண்டும் ஒரே பஸ்ஸில் வந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

சித்தர் ஆரணிக்குப் பக்கத்துத் திருமலைக் குகையில் தவம் இருந்தவராம். அது சமணர் குகையாயிற்றே என்றால், சித்தருக்கு மதம் ஏது என்று பதில் வந்தது. எந்தக் காசு அசல், எது விலைபோகும் என்று தொட்டே சொல்லிவிடுவாராம். பட்டு வியாபாரி சிவப்பிரகாசம் தன் கிடங்கைக் காலி செய்து, புலித்தோல் மாதிரி அச்சடித்த ஜமக்காளம் விரித்து, சித்தரை உட்காரவைத்தார்.

தறி நடும்போது, நெய்பவர் கால் வைக்கும் குழிக்கு அடியில் ஒரு காசு புதைப்பது அந்தத் தெருவின் வழக்கம். பிறகென்ன, வீட்டுக்கு வீடு கடப்பாரைச் சத்தம். சோறு போடுகிற தறிக்குழியைத் தானே தோண்டிப் போட்டுவிட்டு, பாதி நெய்த கல்யாணப் புடவையை உத்தரத்தில் சுருட்டிக் கட்டிவிட்டு, தெருவே கிடங்கு வாசலில் வரிசை கட்டியது.

சித்தர் காசை வாங்குவார். கட்டைவிரலால் தேய்ப்பார். செப்புக் காசு என்றால் முகம் மலரும். "உயிர்க் காசு. பூஜையில் வை. பம்பாய்க்காரன் உன் வாசல் தேடி வருவான்." தங்கக் காசு என்றால், விரல் பட்ட இடம் வெள்ளையாக வெளுத்துவிடும். சித்தரின் கண் கலங்கும். "செத்த காசு, மகனே. வீட்டில் வைத்திருப்பது பிணத்தை வைத்திருப்பது மாதிரி. விட்டுவிட்டுப் போ, நானே காரியம் செய்துவிடுகிறேன்." என்ன இளகிய மனசு. ஊரார் வீட்டுப் பிணங்களையெல்லாம் தன் துணிப்பையில் சுமந்தார் மனிதர். செம்பைத் திரும்ப வாங்கியவன் ஆடிக்கொண்டு போனான். தங்கத்தைக் கொடுத்தவன் கும்பிட்டுவிட்டுப் போனான்.

இதையெல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவள் பாக்கியமேரி. மிஷன் பள்ளியில் தையல் டீச்சர். யார் வீட்டுக் குழம்பு கொதித்தாலும் மூடியைத் திறந்து பார்க்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. முன்வரிசையில் இடம் வேண்டுமானால் விபூதி வாங்கவேண்டும். கர்த்தர் மன்னிப்பார் என்று கையை நீட்டினாள். சித்தர் அதே கட்டைவிரலால் அள்ளி அவள் கையில் அழுத்தினார். வீட்டுக்கு வந்து கை கழுவினால், கல்யாண மோதிரம் ஒரு பக்கம் வெளுத்துக் கிடக்கிறது.

"இன்னாங்க இது? வேலூர்ல நகைக்கடையில வாங்குன மோதிரம். இதுல எந்த ராஜா ஆவி பூந்து செத்தான்?" என்று புருஷனிடம் காட்டினாள்.

"உன் வாய்க்குப் பயந்து ஒரு ஆவியும் கிட்ட வராதே," என்றான் பவுல்துரை.

மேரி மோதிரத்தைத் திருப்பிப் பார்த்தாள்; சித்தர் விரல் பட்ட பக்கம் மட்டும்தான் வெளுத்திருந்தது.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு உண்ணாமலை முந்தானையில் எதையோ முடிந்துகொண்டு கிளம்பினாள். புருஷன் இல்லாதவள். ஆவணியில் பெண்ணுக்குக் கல்யாணம். தறிக்குழியில் கிடைத்த அந்த ஒரு தங்கக் காசை உருக்கித்தான் தாலி. அதை விட்டால் அவளிடம் மூக்குத்திகூடக் கிடையாது.

"போவாதே, உண்ணாமலை. நேரா ஆசாரிகிட்ட போ."

"அசல்னு ஒரு வார்த்தை சித்தர் சொல்லிட்டா, பம்பாய் வெலைக்கு வித்து தாலியோட வளையலும் போட்டுடுவேன் மேரிக்கா. ஜல்தி, கூட்டம் சேர்ந்துடும்."

"சரி, நானும் வரேன். உன் தறியில மிச்சம் விழுந்த பட்டுத் துண்டு ஒண்ணு குடு."

கிடங்கில் உண்ணாமலையின் முறை வந்ததும் மேரி முந்திக்கொண்டாள். "சாமி, இந்தக் காசைத் துணியில புடிச்சுத் தேய்ச்சுப் பாருங்க."

"விரல்தான் தாயே எனக்குக் கண்."

"செத்ததையெல்லாம் தொட்டுகினே இருக்கீங்க. விரலுக்குத் தீட்டு இல்லையா?"

"துணிக்குத்தான் தீட்டு, தாயே."

"இது பட்டுங்க சாமி. பட்டுக்கு ஏது தீட்டு?"

கூட்டம் மொத்தமும் தலையாட்டியது. பட்டுக்குத் தீட்டில்லை என்பதில்தானே அந்தத் தெருவின் அடுப்பு எரிகிறது. சிவப்பிரகாசமே, "அது சரிதானுங்க சாமி," என்றார்.

சித்தர் பட்டுத் துண்டை விரலில் சுற்றித் தேய்த்தார். காசு மஞ்சளாகவே இருந்தது. இன்னும் அழுத்தித் தேய்த்தார். பளபளப்புதான் கூடியது.

"இதுவும் உயிர்க் காசு. எடுத்துப் போ," என்றார் அவசரமாக.

உண்ணாமலை காசைப் பிடுங்காத குறையாக வாங்கி முடிந்துகொண்டாள். மேரி நகரவில்லை. "முதலாளி, உங்க மோதிரத்தைக் கொஞ்சம் தொட்டு ஆசீர்வாதம் பண்ணச் சொல்லுங்களேன்."

சித்தர் கையை மடியில் ஒளித்தார். "இன்று விரதம்."

கிடங்கு கொடுத்து, பாலும் பழமும் கொடுத்தவருக்கு ஒரு தொடுதல் இல்லையா? சிவப்பிரகாசத்துக்கு ரோஷம் வந்தது. சித்தரின் கட்டைவிரலை எட்டிப் பிடித்துத் தன் மோதிரத்தில் அழுத்தினார். மோதிரம் வெளுத்தது.

"அடடா, முதலாளி மோதிரமும் செத்துடுச்சே. காரியம் எப்ப சாமி?" என்றாள் மேரி.

ஜமக்காளத்தைத் தூக்கி உதறினார்கள். விபூதிப் பைக்குள் ஒரு சின்னக் குப்பி, அதில் பாதரசம். தங்கத்தில் பட்டால் வெளுக்க வைப்பது. துணிப்பையில் தெருவின் தங்கம் முழுக்க. ஆசாரி நெருப்பில் காட்டியதும் செத்த காசெல்லாம் மஞ்சளாக எழுந்தன. சித்தர், சேத்துப்பட்டில் ஒரு முலாம் பட்டறையில் வேலை பார்த்த சடையன் என்பது போலீஸ் ஸ்டேஷனில் தெரிந்தது. ஒன்று சொல்லவேண்டும்: தங்கத்தைக் கண்டுபிடிப்பதில் அவர் ஒருமுறைகூடத் தவறவில்லை.

உண்ணாமலையின் காசை ஆசாரி உரைகல்லில் உரசினார். அசல் தங்கம். பம்பாய் விலை இல்லை, தங்கத்தின் விலைதான். தாலிக்கு அது போதும்.

சாயங்காலம் தறிக்குழியை மூடிக்கொண்டிருந்த ஒருவர் மேரியைக் கூப்பிட்டார். "இவன் டுபாக்கூருன்னு ஆயிடுச்சு டீச்சர். நிஜமான காசு சித்தர் எங்கனா இருக்காருன்னா சொல்லுங்க."

மேரி அவரையும் குழியையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஜரிகை வாங்கும்போது உரசிப் பார்க்காம வாங்குவீங்களா?"

"அது எப்படி வாங்குவேன்? ஏமாந்துடமாட்டேனா?"

"அவ்ளோ தெரியுதில்ல. இனிமே எந்தச் சித்தர் வந்தாலும் அவரையும் ஜரிகைன்னு நெனைச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டு மேரி நடந்தாள்.