பெல்ட்டு அண்ணனின் ஐந்தாவது கியர்

“நீ இன்னாத்துக்கும்மா போற? அங்கயும் பாரம் எழுதவா?”

பலாப்பழம் ஏற்றிய குட்டியானை வண்டியில் நான் ஏறியபோது டீக்கடைக்கார மாமா கேட்ட கேள்வி இது. முதல் ஷிப்ட்டுக்குப் போகக் காத்திருந்தவர்கள் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு அது உண்மைதான். விண்ணப்பப் பாரம் எழுதிக் கொடுத்த ஆளாகத்தான் போனேன். ஆனால் பெல்ட்டு அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் அந்தப் பயணத்தைச் சொல்ல முடியாது.

நெய்வேலியில் பெல்ட்டு அண்ணனைப் போல வேகத்தை நேசித்தவரும் கிடையாது, அவரைப் போல மெதுவாக வண்டி ஓட்டியவரும் கிடையாது. சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் அவரை முந்தும்போது டாட்டா காட்டுவார்கள். அவரும் பதிலுக்குக் கையைக் காட்டிவிட்டு, கண்ணாடியில் பின்னால் பார்த்து, இன்டிகேட்டர் போட்டு, ஆள் அரவமே இல்லாத ரவுண்டானாவை மரியாதையாகச் சுற்றிப் போவார்.

சுரங்கத்தில் நிலக்கரி போகும் கன்வேயர் பெல்ட்டில் வேலை. கான்ட்ராக்ட். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் தெரு சுரங்க நகரியத்தின் நுழைவு வளைவுக்கு வெளியே இருந்தது. அங்கே அவர் வீட்டு வாசலில் சிவப்பு நிறத்தில் ஒரு நூற்றைம்பது சிசி வண்டி நிற்கும். புதன்கிழமை அவருக்கு வார ஓய்வு. அன்று அதைக் குளிப்பாட்டி, செயினுக்கு எண்ணெய் விட்டு, சென்டர் ஸ்டாண்டு போட்டு ஏறி உட்காருவார். தாடையை டேங்கில் வைப்பார். ஒரு பக்கம் சரிந்து முழங்காலை வெளியே நீட்டுவார். அரை மணி நேரம் இப்படி உலகத்திலுள்ள வளைவையெல்லாம் திரும்பிவிட்டு இறங்கிச் சாப்பிடப் போவார். வண்டி ஓர் அங்குலம்கூட நகர்ந்திருக்காது.

சாலையில் நாற்பதைத் தாண்டமாட்டார். காரணம் அவர் கழுத்தில் தொங்கிய கேட் பாஸ். நகரியத்தில் வேகமாகப் போய்ச் சிக்கினால் பாஸைப் பிடுங்கிவிடுவார்கள், பாஸ் போனால் வேலை போகும், வேலை போனால் பெர்மனென்ட் கனவும் போகும் என்பது அவர் முடிவு. அப்படி யாருடைய பாஸும் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. அதெல்லாம் அவரிடம் எடுபடாது. அந்தப் பாஸை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் குளிக்கும்போதுகூடக் கழற்றாத மனிதர். பண்ருட்டி ரோட்டிலாவது ஓட்டிப் பார்க்கலாமே என்றால், “ஆடு வருது, கரும்பு டிராக்டர் வருது. எவன் உசுருக்கு எவன் பதில் சொல்றது?” என்பார். பதினோரு வருடமாக அந்த வண்டியின் ஐந்தாவது கியர் பிரிக்காத பார்சல் மாதிரி இருந்தது.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். என் மதிப்பெண் அட்டையில் போடுவதற்காகத்தான் அப்பா கையெழுத்தே கற்றுக்கொண்டார். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்ததும் தெருவே பாரங்களைத் தூக்கிக்கொண்டு வந்தது. ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், பி.எஃப்., பள்ளி அட்மிஷன். எனக்கு அதில் பெருமைதான். சொந்தமாக ஒரு ஸ்டேப்ளரே வாங்கி வைத்திருந்தேன். அந்த வரிசையில் ஒருநாள் பெல்ட்டு அண்ணனும் வந்து நின்றார், கையில் பாரம் இல்லாமல்.

“தங்கச்சி, வேகமா போனா யாரும் ஒண்ணும் சொல்லாத எடம் இருக்குதாமே. ஒரு நாளைக்கு நம்ம வண்டியையே எடுத்துக்கினு போய் ஓட்டலாமாம். எங்கன்னு தேடிக் குடு.”

ரேஸ் டிராக்குகளாகத் தேடினேன். அப்போது என் போனில் ஒரு பக்கம் திறப்பதற்குள் சோறு வெந்துவிடும். முதலில் கிடைத்த இடத்தில் கார் மட்டும். அடுத்ததில் முந்நூறு சிசிக்குக் குறைந்த வண்டிக்கு அனுமதி இல்லை. கோயம்புத்தூர் பக்கம் ஒன்று அருமையாக இருந்தது. ஆனால் பெல்ட்டு அண்ணன் தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்கமாட்டார். “போக ஒரு ஷிப்ட்டு, ஓட்ட ஒரு ஷிப்ட்டு, வர ஒரு ஷிப்ட்டு. ஒரு நாள் ஆப்சென்ட். வேணாம்” என்று தள்ளினார். மூன்று வாரம் கழித்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சிக்கியது. எந்த வண்டியும் வரலாம், புதிதாக ஓட்டுபவர்களும் வரலாம். தூரம் அரை ஷிப்ட்டு. நாள் மட்டும் ஞாயிற்றுக்கிழமை.

அவருக்கோ புதன் ஓய்வு. புதன்கிழமையில் ஏதாவது இருக்கிறதா என்று ஏற்பாட்டாளர்களுக்கு நான் மூன்று மெயில் போட்டேன். பதில் இல்லை. கடைசியில் உடன் வேலை செய்பவரிடம் ஞாயிறு ஓய்வை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு வரப்போகும் தீபாவளியின் நைட் ஷிப்ட்டைத் தான் பார்ப்பதாக ஒப்புக்கொண்டு வந்தார். வீட்டில் அண்ணி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், தானும் வருவதாகச் சொல்லிப் புளிசாதத்துக்குப் புளி ஊறவைத்தார்.

பாரத்தைப் பிரிண்ட் எடுத்து வந்து எழுத உட்கார்ந்தோம். இதுவரை ஓட்டிய அதிகபட்ச வேகம் என்று ஒரு கட்டம். எண்பது என்று போடலாமா என்று கேட்டேன். எழுத்தில் பொய் வேண்டாம் என்று நாற்பதே போடச் சொன்னார். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்ற கட்டத்தில், கன்வேயர் கண்ட்ரோல் ரூம் எண்ணைச் சொன்னார். மூன்று ஷிப்ட்டிலும் போனை எடுக்கிற ஒரே இடம் அதுதானாம்.

பிறகு முழங்கால் கவசம். ரேஸ் ஓட்டுபவர்கள் வளைவில் முழங்காலால் தரையைத் தொடுவார்கள், அதற்கு ஒரு கட்டை வைத்துக் கட்டுவார்கள் என்று எங்கோ படம் பார்த்திருக்கிறார். எங்கள் ஊரில் தேய்ந்துபோன கன்வேயர் பெல்ட் துண்டுதான் மிதியடி, மாட்டுக்கொட்டகைத் தரை, மோட்டார் மூடி, சில கால்களுக்குச் செருப்பு. “பெல்ட்டு தாங்காததா?” என்று இரண்டு துண்டு வெட்டினார். அந்தக் கவசம் தரையில் வழுக்க வேண்டியது. ரப்பரோ தரையைப் பிடித்துக்கொள்ளும். உராய்வு பற்றி இரண்டு செமஸ்டர் படித்தவள் நான். பக்கத்தில் நின்று ஸ்குரூ எடுத்துக் கொடுத்தேன்.

விடியும் முன்னே கிளம்பினோம். பலாப்பழங்களுக்கு நடுவே வண்டியைக் கட்டி, நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். டீக்கடைக்காரர் அந்தக் கேள்வியைக் கேட்டது அப்போதுதான். டிராக்கில் இறங்கியபோது அந்த இடமே பலா வாசனை அடித்தது.

வாடகைக்குத் தோல் உடுப்பு கொடுத்தார்கள். கறுப்பு. அதில் அவருக்கு நடக்கவே வரவில்லை. “பளபளன்னு கத்திரிக்கா மாதிரி இருக்கிறீங்க” என்றார் அண்ணி. அவ்வளவு கோபத்துக்குப் பிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

முதல் சுற்று. விசில் மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு வண்டிகள் பறந்தன. நடுவில் பெல்ட்டு அண்ணன், நாற்பதில். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஹாரன் அடித்தார். இன்டிகேட்டர் போட்டார். பின்னால் வேகமாக வருகிறவர்களுக்கு வழிவிடச் சொல்லி ஓரத்தில் ஒருவர் நீலக் கொடியை அசைத்தார். அண்ணன் பொறுமையாக ஓரம் கட்டி, வண்டியை ஸ்டாண்டு போட்டு, தோல் உடுப்பின் ஜிப்பை இறக்கி, உள்ளேயிருந்து கேட் பாஸை எடுத்து நீட்டினார்.

கொடிக்காரர் பாஸைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: “அண்ணா, இங்க வேகமா போனா தப்பில்ல. மெதுவா போனாதான் கொடி காட்டுவோம்.”

பெல்ட்டு அண்ணன் பாஸை மறுபடி உள்ளே போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். அடுத்த சுற்றுக்கு அழைத்தபோது கழுத்திலிருந்து பாஸைக் கழற்றினார். அண்ணியே திகைத்துப் போனார். அதை என் கையில் வைத்து விரல்களை மூடினார்.

“இத்த வெச்சிக்கோ தங்கச்சி. கெட்டியா.”

அந்தச் சுற்றில் நேர்ப்பாதையில் ஒரு சிவப்பு வண்டி போனது. சத்தத்தை வைத்துக் கியரை எண்ணினேன். மூன்று. நான்கு. அப்புறம் இன்னொன்று, இதுவரை எங்கள் தெரு கேட்காத ஒரு சத்தம். பாஸின் விளிம்பு என் உள்ளங்கையில் பதிந்துவிட்டது. அடுத்த வளைவில் அவர், பதினோரு வருடம் வாசலில் பழகியபடியே, முழங்காலை நீட்டினார். தரையைத் தொட்ட பெல்ட் தன் வேலையைச் சரியாகச் செய்தது. பிடித்தது. வண்டி ஒரு பக்கம் போனது, அண்ணன் ஒரு பக்கம் போனார்.

ஓடினோம். புல்லில் உட்கார்ந்திருந்தார். அண்ணி திட்டத் தொடங்குவதற்குள் ஹெல்மெட்டைக் கழற்றி என்னைப் பார்த்துச் சொன்னார்: “அஞ்சாவது இருக்குதும்மா. நல்லாவே இருக்குது.”

முழங்காலில் வீக்கம்தான். பஞ்சு வைத்துக் கட்டும்போது, அன்று ஓட்டிய ஒரே பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். என்னிடம், “உங்க வண்டி எது?” என்றார். வெகு சாதாரணமாகக் கேட்டார். அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் அதுவரை கேட்டதில்லை. அப்பாவின் பழைய வண்டியில் தினமும் பாலிடெக்னிக் போய் வந்தவள் என்று சொல்ல வாயெடுத்தேன். காலை நீட்டிக்கொண்டிருந்த பெல்ட்டு அண்ணன் முந்திக்கொண்டார்.

“தங்கச்சி இன்னும் பாரம் போடலீங்க. அடுத்த வாட்டி வரும். கியர் மாத்துற சத்தமே கேக்காது, அப்படி ஓட்டும்.”

அதை அவர் எப்போது கவனித்தார் என்று தெரியவில்லை.

பண்ருட்டி தாண்டியதும் கையை நீட்டினார். பாஸைக் கொடுத்தேன். திங்கள் காலை ஆறு மணி ஷிப்ட்டுக்கு, வலிக்கிற காலோடு, கேட்டில் நொண்டாமல் நடந்து போனார். கேட்டைத் தாண்டிய பிறகுதான் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாராம்.

இப்போது நானும் சுரங்கத்தில் அப்ரண்டிஸ். என் கழுத்திலும் ஒரு பாஸ் தொங்குகிறது. போன புதன்கிழமை அதே டிராக்குக்கு ஒரு பாரம் எழுதி அனுப்பினேன். படிப்புக்கும் வேலைக்கும் அல்லாமல் என் பெயருக்கு நான் எழுதிய முதல் பாரம். அதிகபட்ச வேகம் நாற்பத்தைந்து, பொய் எழுதவில்லை. அவசரத்துக்குக் கூப்பிடும் எண், பெல்ட்டு அண்ணனுடையது.

விஷயத்தைச் சொல்லப் போனேன். டீக்கடைப் பேச்சிலேயே அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. நான் ஓட்டப்போகும் ஞாயிறை வாங்கிக்கொண்டு, பதிலுக்குப் பொங்கல் நைட் ஷிப்ட்டைப் பார்க்க ஒப்புக்கொண்டுவிட்டாராம். எதற்கு அண்ணே என்றேன்.

“அப்புறம் உன் பாஸ யாரு வெச்சிக்கினு நிப்பா?” என்றார்.