கவர்னரின் பிள்ளைகள்

"இன்னியிலேர்ந்து இந்த வீட்டு மாடியில எந்த முயலுக்கு எந்த முயல் ஜோடின்னு நான்தான் முடிவு பண்ணுவேன்!"

ஞாயிறு பூசை முடிந்து வந்த வென்சு, தொப்பியைக்கூடக் கழற்றாமல் பிரகடனம் செய்தார். அடுப்பில் பூண்டு வதக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி ஜீஜா திரும்பிப் பார்க்கவில்லை.

"தாராளமா பண்ணுங்க. அப்படியே அந்த ஒயின் புட்டியை எடுங்க."

எடுத்துக் கொடுத்தார். அந்த வீட்டில் அவருடைய அதிகாரம் சாதாரணமாக அந்த அளவில்தான் இருந்தது.

மால்டாவை வெள்ளைக்கார கவர்னர் ஆண்ட காலம் அது. இப்போது நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது. திங்லி கிராமத்தில் மாடி என்று ஒன்று இருந்தால் அதில் ஒரு பக்கம் துணி காயும், ஒரு பக்கம் தக்காளி காயும், மீதி இடமெல்லாம் முயல். கல்யாணமான புதிதில் வென்சுவும் ஜீஜாவும் சாயங்காலமானால் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். புல் வாசனையும் கடல் காற்றும் கலந்து வரும். அவள் முயலுக்குத் தழை கிள்ளிப் போடுவாள், அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக வேறொன்றை வென்சு பிறகு எங்கேயும் கண்டதில்லை.

முயல் விஷயத்தில் ஜீஜா வைத்ததுதான் சட்டம். ஒரு பெண் முயலை இனப்பெருக்கத்துக்கு விடலாமா என்று பார்க்க, முதலில் உதட்டைத் தூக்கிப் பல் பார்ப்பாள். கோணல் பல் என்றால் தள்ளுபடி. அது குட்டிகளுக்கும் வரும். பிறகு மல்லாத்திப் பிடித்துக் காம்புகளை எண்ணுவாள். அதோடு விடமாட்டாள். அதன் தாய் தன் வயிற்று முடியைப் பிடுங்கிக் குட்டிகளுக்குப் படுக்கை போட்டதா, போட்ட குட்டிகளையெல்லாம் ஆளாக்கியதா என்று வம்சம் முழுக்க விசாரிப்பாள்.

"பொண்ணு பாக்க வர்ற மாமியார்கூட இவ்வளவு பாக்க மாட்டாடி" என்பார் வென்சு.

"எங்கப்பா மாப்பிள்ளை பாக்கும்போது இதுல பாதி பாத்திருக்கலாம்" என்பாள் ஜீஜா.

வென்சுவுக்கு இந்த நுணுக்கமெல்லாம் பிடிக்காது. அவருக்கு முயல் என்றால் பெரிதாக இருக்க வேண்டும். அந்த ஆசையில்தான் துறைமுகத்தில் ஒரு வெளிநாட்டு மாலுமியிடமிருந்து ராட்சச ஆண் முயல் ஒன்றை வாங்கி, குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"என்னங்க இது, கழுதைக் குட்டியா?"

"காதைப் பாருடி! இவர் பேரு கவர்னர். இனிமே நம்ம மாடியில பிறக்கிறதெல்லாம் கவர்னர் வம்சம்."

ஊரார் பார்க்க வேண்டும் என்று கவர்னரின் கூண்டைக் கைப்பிடிச் சுவரோரம், நல்ல வெயிலில் வைத்தார். பாலில் நனைத்த ரொட்டி, அவரைப் பருப்பு, கரோப் மரத்தின் இனிப்புக் காய் என்று வேளாவேளைக்கு விருந்து நடந்தது. கவர்னரின் வயிறு தரையைத் தொட்டது.

"இப்படிக் கொழுக்க வெச்சு வெயில்லயும் காயப்போட்டா ஆண் முயல் எதுக்கும் உதவாது. நிழலுக்கு மாத்துங்க, தீனியைப் பாதியாக்குங்க" என்றாள் ஜீஜா.

"கவர்னரைப் பட்டினி போடச் சொல்றியா?"

பெண் முயலைத்தான் ஆண் முயலின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மாற்றிச் செய்தால் பெண் கடித்துத் துரத்திவிடும். அந்த மட்டில் வென்சுவுக்குத் தெரியும். வீட்டிலேயே நல்ல பெண் முயலான நீனாவைக் கொண்டுபோய்க் கவர்னரிடம் விட்டார். விட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்து, முதுகைத் திருப்பிக்கொண்டு கடலைப் பார்த்தார். அடுத்தவர் தாம்பத்தியத்தை எட்டிப் பார்ப்பது பாவம் என்பது அவர் கொள்கை.

கீழே இறங்கியதும் ஜீஜா கேட்டாள்:

"ஆச்சா?"

"ஆச்சு."

"பாத்தீங்களா?"

"சீ! அதை யாராவது பாப்பாங்களா?"

"பாக்கணும். காரியம் ஆச்சுன்னா ஆண் முயல் அப்படியே பக்கவாட்டுல சாஞ்சு விழும். விழுந்துச்சா?"

"தொப்புன்னு சத்தம் கேட்டுது. திரும்பிப் பாத்தேன். சாஞ்சுதான் கிடந்தாரு."

"கண்ணு?"

"மூடியிருந்துச்சு."

"குறட்டை?"

வென்சு தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார்.

ஆனால் உரிய காலத்தில் நீனா ஒரு கூடை குட்டி போட்டாள். வென்சுவைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஒயின் கடைக்கே குட்டிகளைக் கொண்டுபோய், "காதுல கவர்னர் ஜாடை தெரியுதா?" என்று ஒவ்வொருவர் மூக்கிலும் இடித்தார். அதற்குப் பிறகும் அந்தக் குளிர்காலம் முழுக்க மாடியில் பிரசவம்தான். குட்டிகள் ஏனோ சாதாரண அளவுக்கு மேல் வளரவில்லை. ஈத்துக்கு ஒரு குட்டி காணாமலும் போயிற்று. "பூனை" என்றாள் ஜீஜா. அவளுக்கு அப்போது பக்தியும் அதிகமாகியிருந்தது. தலையிலிருந்து இடுப்புக்குக் கீழ்வரை கூடாரம்போல் விரியும் கறுப்பு முக்காட்டைப் போட்டுக்கொண்டு சாயங்கால ஜெபமாலைக்குப் போய்விடுவாள். மனைவியின் பக்தியால்தான் மாடி செழிக்கிறது என்று வென்சு மனதார நம்பினார்.

தவக்காலத்தின் தொடக்கத்தில் ஜீஜா கோயில் படியில் காலைப் பிசகிக்கொண்டாள். ஜெபமாலை நின்றது. மாடியில் பிரசவமும் நின்றது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வென்சுவுக்குத் தோன்றவில்லை. தண்ணீர் தூக்குவது, துணி துவைப்பது, கூண்டு கழுவுவது எல்லாம் அவர் தலையில் விழுந்திருந்தது, யோசிக்க நேரமேது?

ஈஸ்டருக்குப் பிறகு ஒருநாள் நீனா முடியைப் பிடுங்கிப் படுக்கை போட்டாள். வென்சு ஒயின் கடை முழுக்கச் சொல்லிவிட்டு ஓடி வந்தார். ஜீஜா நொண்டிக்கொண்டு மாடியேறி, நீனாவின் அடிவயிற்றை விரலால் மெல்லத் தடவினாள்.

"உள்ள ஒண்ணுமில்ல. பொய்ச்சினை. நாள் ஆகுறதுக்கு முந்தியே படுக்கை போட்டா இதுதான்."

"பின்ன கவர்னர்?"

"உங்க கவர்னர் நிஜ கவர்னர் மாதிரிதான். நல்லா சாப்பிடுவாரு, மேல உக்காந்திருப்பாரு, வேலையெல்லாம் மத்தவங்க செய்யணும். இம்னார்யாவுக்குள்ள ஒரு குட்டியாவது பிறக்கலைன்னா, திருவிழாவுக்கு இவரைத்தான் ஒயின்ல வேகவைக்கப் போறேன்."

ஜூன் கடைசியில் வரும் இம்னார்யாவுக்குப் புஸ்கெட் தோப்பில் முயல் சமைக்காத குடும்பம் கிடையாது. வருஷம் தவறாமல் ஜீஜாவை அங்கே கூட்டிப் போவேன் என்று வென்சு கல்யாணத்திலேயே மாமனாருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். போகாமலும் இருக்க முடியாது. போனால் சட்டியில் கவர்னர். அன்று முழுக்கக் கவர்னரின் காதைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவர் அந்த முயலை அவ்வளவு நேசித்தார். இதைச் சொல்ல அவருக்கு வெட்கமும் இல்லை.

வேறு வழி தெரியாமல் வென்சுவுக்கும் பக்தி வந்தது. மறுநாள் சாயங்காலம் நீனாவைக் கூடையில் போட்டு, மேலே வெங்காயத்தைப் பரப்பி, ஜெபமாலைக்குக் கிளம்பினார். கோயில்பிள்ளையாக மணியடிக்கும் சல்வு கோயிலுக்குப் பின்னால் நாட்டு முயல் வளர்த்தார். அவருடைய சாம்பல் நிற ஆண் முயல் பார்க்க நோஞ்சான்தான், ஆனால் ஊரில் பேர் வாங்கியது.

"சல்வு, இது நமக்குள்ள இருக்கட்டும். குறிப்பா எம் பொண்டாட்டிக்குத் தெரியக் கூடாது."

வெங்காயத்துக்கு நடுவே எட்டிப் பார்த்த முயலைக் கண்டதும் சல்வுவின் முகம் மலர்ந்தது.

"அட, நம்ம நீனா! எங்க ரொம்ப நாளா இந்தப் பக்கமே காணோம்?"

வென்சு கையிலெடுத்த வெங்காயத்தைத் திரும்பக் கூடையிலேயே வைத்தார்.

"உன் வீட்டம்மா முக்காட்டுக்குள்ள வெச்சுக் கொண்டுவருவா. ஈத்துக்கு ஒரு குட்டி எனக்கு. புருஷனுக்கு மட்டும் தெரியக் கூடாது, மனசு உடைஞ்சிருவாருன்னு சொல்லுவா. நான் ரகசியத்தைக் காப்பாத்துறவன்பா, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

வீடு திரும்பும் வழியெல்லாம் வென்சுவுக்கு ரத்தம் கொதித்தது. கேட்டுவிடலாம். ஆனால், "நீங்க அங்க எதுக்குப் போனீங்க?" என்று அவள் கேட்டால்? வாயை மூடிக்கொண்டார்.

திருவிழாவுக்கு முன்பே நீனா குட்டிகள் போட்டாள். ஜீஜா ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்படியே அப்பா ஜாடை."

"ஆமா, ஆமா" என்றார் வென்சு.

கவர்னர் பிழைத்தார். இம்னார்யா அன்று வென்சு, கால் நொந்துவிடுமே என்று ஜீஜாவை வண்டியிலிருந்து தூக்கி இறக்கினார். மரத்தடியில் வேறொரு முயல் ஒயினில் வெந்தது. எங்கும் தீவட்டி, கித்தார், பாட்டு. கல்யாணமான முதல் வருஷம் இதே தோப்புக்குக் கல்யாண உடையிலேயே வந்த ஜீஜா அவர் கண்ணுக்குத் தெரிந்தாள். கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"சல்வு சொல்லிட்டாராமே?" என்றாள் ஜீஜா மெதுவாக.

"ம்."

"கோபமா?"

"நிஜமாவே கவர்னரைச் சமைச்சிருப்பியா?"

"ஐயோ, உங்க உசிராச்சே! தினம் மத்தியானம் அவரு கூண்டு மேல ஈரச் சாக்கைப் போட்டு வெச்சது யாருன்னு நினைக்கிறீங்க? அப்படி மிரட்டலைன்னா நீங்க நீனாவைத் தூக்கிட்டு நடந்திருப்பீங்களா?"

"உனக்குக் கால் முடியல, போயிட்டு வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போயிருப்பேனே!"

கித்தார்கள் வேகமெடுத்தன. ஜீஜா துள்ளி எழுந்து பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கால் ஈஸ்டருக்கு முந்தியே சரியாயிடுச்சுங்க" என்றவள், ஆடுகிறவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டாள்.