பாலம் ஏறாத டிராக்டர்

மேடு ஏறாத வண்டியைச் சரிசெய்து தருகிறேன் என்று, மேடே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு வாக்குக் கொடுத்தவன் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் வரப்போகும் அவமானங்களுக்கு இது ஒரு முன்ஜாமீன்.

என் பட்டறை மட்டாஞ்சேரியில். ஆட்டோ, ஸ்கூட்டர், கும்பளங்கியில் மீன் வளர்க்கும் கெட்டுகளில் தண்ணீர் இறைக்கும் மோட்டார், இவைதான் பிழைப்பு. தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். வீட்டில் பேசுவது தமிழ், எழுதுவதென்றால் மலையாளம்தான். (எனக்குத் தமிழ் எழுதக் கற்றுக்கொடுத்தவள் என் மனைவி. இந்தக் கட்டுரையில் எழுத்துப்பிழை பார்த்ததும் அவளே. ஆகையால் நடந்ததைக் கூட்டிக் குறைத்துச் சொல்ல வழியில்லை.)

இரண்டாயிரத்து இரண்டோ மூன்றோ இருக்கும். கல்யாணமாகி மூன்று வாரம். ஜெயா போடிநாயக்கனூர்க்காரி. அவள் அப்பா ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர். பெண் பார்க்கப் போன இடத்தில், மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று அவர் கேட்டார். 'ஹைட்ராலிக் ஸ்பெஷலிஸ்ட்' என்று சொல்லிவிட்டேன். துறைமுகத்தில் ஒருமுறை ஒரு ஃபோர்க்லிஃப்டுக்கு ஆயில் சீல் மாற்றிய அனுபவம் உண்டு. (மாற்றியது வேறொருவர். நான் டார்ச் பிடித்தேன்.)

அந்தப் புளுகு எப்படியோ களமசேரி வரை போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே செடி நர்சரி நடத்தும் ஏலிக்குட்டி சேச்சி ஒருநாள் பட்டறைக்கு வந்தார். ஒரு குன்றின் மேலிருந்த விருந்தினர் மாளிகையின் புல்வெளியைப் பராமரிக்கும் வேலையை எடுத்திருந்தார். அதற்காக ஜப்பானில் ஓடிய பழைய குட்டி டிராக்டர் ஒன்றையும் வாங்கியிருந்தார். சமதளத்தில் குதிரையாக ஓடுகிற அது, டிரெய்லரில் மண்ணை ஏற்றிக்கொண்டு குன்றில் பாதி போனதும் கூச்சல்போட்டு நின்றுவிடுகிறதாம். இரண்டு மெக்கானிக்குகள் கைவிட்டாயிற்று. ஓணத்துக்குள் புல்வெளி தயாராகாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

"மோனே, நினக்கு இது பற்றுமோ?" என்று கேட்டார். உன்னால் ஆகுமா என்று.

சரியாக அந்த நேரத்தில் ஜெயா சாயா எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். மூன்று வாரப் பெண்டாட்டியின் முன்னால் எந்த ஸ்பெஷலிஸ்ட் தெரியாது என்று சொல்வான்? ஒரு வாரம் போதும் சேச்சி என்றேன்.

மறுநாள் நண்பன் நௌஷாத் தன் மினி லாரியில் அதைக் கொண்டுவந்து இறக்கினான். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். கிளட்ச் இல்லை. வரிசையாகப் போட்டு மாற்றுகிற கியர் இல்லை. ஹைட்ரோஸ்டாட்டிக் என்பார்கள். எஞ்சின் ஒரு பம்ப்பைச் சுழற்றும். பம்ப் எண்ணெயைத் தள்ளும். எண்ணெய் சக்கரத்தைச் சுழற்றும். வலது காலுக்கு ஒரே ஒரு மிதி. மிதித்தால் போகும், இன்னும் மிதித்தால் இன்னும் வேகமாகப் போகும். கூடவே ஒரு புத்தகம் இருந்தது. முழுக்க ஜப்பானிய எழுத்து.

அன்றிரவு சாப்பிடும்போது ஜெயா மெதுவாகக் கேட்டாள். "கியரே இல்லாம எப்படிங்க மேடு ஏறும்? எங்கப்பா மேட்டக் கண்டாலே கியரக் கொறச்சிருவாரே."

"இது ஹைட்ராலிக். ஜீப்பு மாதிரி இல்ல. ஒனக்குப் புரியாது" என்றேன். அவள் ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதன்பிறகு டிராக்டரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மனைவிக்கு என் தொழில் மேல் மரியாதை வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

வேலை தொடங்கியது. ஹைட்ராலிக் எண்ணெயை வடித்துப் புதிது ஊற்றினேன். அதன் ஃபில்டரை மாற்றினேன். அடைப்பு இருக்குமோ என்று டீசல் குழாய்களைக் கழற்றி ஊதினேன். ஏர் ஃபில்டரைத் தட்டினேன். எஞ்சின் தலையைத் திறந்து, உள்ளே எல்லாம் சரியாக இருந்ததில் ஏமாற்றமடைந்து, திரும்ப மூடினேன். நான்காம் நாள் எனக்கு ஞானோதயம் ஆயிற்று. மிதி போதுமான ஆழத்துக்குப் போகவில்லை, அதனால்தான் பலம் வரவில்லை. மிதிக்குக் கீழேயிருந்த கம்பியை முறுக்கி, மிதியைத் தடுத்து நிறுத்துகிற போல்ட்டையும் கழற்றி, அது தரையைத் தொடும்வரை போகும்படி செய்தேன். கடைத்தெருவில் ஓட்டிப் பார்த்தால் அம்பாகப் பறந்தது. மசாலாக் கிடங்குகளில் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

நௌஷாத் களமசேரிக்குக் கொண்டுபோனான். சாயங்காலமே திரும்பக் கொண்டுவந்தான். "கேறீல்லெடா" என்றான். ஏறவில்லை. முன்னைவிடச் சீக்கிரமாகவே நின்றுவிட்டதாம்.

இன்னொரு வாரம் போயிற்று. சேச்சி தினமும் போன் செய்தார். கோபிக்காமல், பிள்ளைக்கு ஜுரம் எப்படி என்று கேட்கிற குரலில் விசாரித்தார். அதுதான் தாங்க முடியவில்லை. கடைசியில்தான் எனக்கு உறைத்தது, மேட்டில் வருகிற நோயை நான் சமதளத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று. எங்கள் பக்கத்தில் மேடென்று சொல்ல ஒன்றே ஒன்றுதான் உண்டு. தோப்பும்படிப் பாலம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினேன். நௌஷாத் கொண்டுவந்த டிரெய்லரை மாட்டி, அதில் மணல் மூட்டைகளை அடுக்கினேன். குன்றைவிடப் பாலம் சரிவு குறைவு, அதை ஈடுகட்ட நாலு மூட்டை கூடுதல். வெற்றியைக் கண்ணால் பார்க்கட்டும் என்று ஜெயாவையும் அழைத்துப்போனேன். அவள் குடையைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் வந்தாள். நௌஷாத் பின்னால் ஸ்கூட்டரில்.

பாலத்தில் ஏற ஆரம்பித்ததும் மிதியைத் தரையோடு அழுத்தினேன். பாதி தூரம் போயிருக்கும். வண்டி கீச்சென்று கத்தத் தொடங்கியது. வேகம் குறைந்தது. இன்னும் அழுத்தினேன். நின்றுவிட்டது. நான் சீட்டிலிருந்து எழுந்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உடம்பின் மொத்தப் பாரத்தையும் அந்த மிதியின் மேல் வைத்து நின்றேன். கத்தல் கூடியதே தவிர சக்கரம் அசையவில்லை.

பின்னால் ஒரு தனியார் பஸ் வந்து நின்றது. அதன் பின்னால் மீன் லாரி. அதன் பின்னால் கல்யாணத்துக்குப் போகிற வேன் ஒன்று. கண்டக்டர் இறங்கிவந்து, கோபமே இல்லாமல், இதை இங்கேயே விற்கப் போகிறீர்களா என்று கேட்டார். பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள். பாதிப்பேர் என் வாடிக்கையாளர்கள். ஏழெட்டுப்பேர் டிரெய்லரின் பின்னால் கைவைத்துத் தள்ளினார்கள். நான் நின்றபடியே மிதித்தேன். தொடை நடுங்கியது, சட்டை முதுகோடு ஒட்டியது. இனி பட்டறையை மூடிவிட்டுப் போடியில் மாமனார் ஜீப்பில் கிளீனராகச் சேர்ந்துவிடலாம் என்று தோன்றியது.

ஜெயா நடைபாதையிலிருந்து இறங்கி வந்தாள். அத்தனை பேருக்கு நடுவே என் தலைக்கு மேல் குடையைப் பிடித்தாள்.

"இம்புட்டு நேரமா ஒத்தக் கால்ல நிக்கிறீங்க. கால் வலிக்கப் போகுதுங்க. கொஞ்சம் லேசா வைங்க" என்றாள்.

இரண்டு வாரமாக யாரும் என்னிடம் அவ்வளவு அன்பாகப் பேசியதில்லை. அழுகை வந்துவிடும் போலிருந்தது. பொத்தென்று உட்கார்ந்தேன். கால் தானாகத் தளர்ந்தது, மிதி பாதிக்கு மேலே வந்தது.

கத்தல் நின்றது. படுத்திருந்த மாடு எழுந்திருப்பதைப்போல வண்டி ஒரு குலுங்கு குலுங்கி, மெதுவாகப் பாலத்தில் ஏறத் தொடங்கியது. தள்ளிக்கொண்டிருந்தவர்கள் பிடிமானம் போய் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சந்தோஷத்தில் திரும்ப மிதித்தேன். நின்றுவிட்டது. காலைத் தளர்த்தினேன், ஏறியது. நம்பமுடியாமல் இன்னொரு தடவையும் மிதித்துப் பார்த்தேன், நின்றது. இதற்குள் பஸ்ஸில் இருந்த கடைசி ஆளுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. "சேட்டா, காலெடுக்கு" என்று கண்டக்டர் எனக்குச் சொல்லித் தந்தார்.

விஷயம் இவ்வளவுதான். அந்த வண்டியில் மிதியேதான் கியர். முழுக்க மிதித்தால் டாப் கியர். வேகம் வரும், இழுக்கும் பலம் போய்விடும். மேட்டில் காலைத் தளர்த்தினால் வேகம் குறைந்து பலம் கூடும். களமசேரி டிரைவர்கள் மேட்டைக் கண்டதும் முழுக்க மிதித்தார்கள். நானோ இரண்டு வாரம் பாடுபட்டு, இன்னும் முழுக்க மிதிக்க ஏற்பாடு செய்துகொடுத்திருந்தேன். ஜப்பானியப் புத்தகத்தில் இதற்கென்றே ஒரு படமும் இருந்தது. சரிவில் ஒரு டிராக்டர், ஒரு பாதம், மேல்நோக்கி ஒரு அம்புக்குறி. அந்தப் பக்கத்தை நான் பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். நாலு தடவை பார்த்தேன். வண்டி மேலே போக வேண்டும் என்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

மிதியின் கம்பியையும் போல்ட்டையும் பழையபடி வைத்தேன். ஏதோ ஒரு வால்வைச் சரிசெய்ததாக ஏலிக்குட்டி சேச்சியிடம் சொல்லத் திட்டமிட்டிருந்தேன். நௌஷாத் முந்திக்கொண்டான். மறுநாள் வந்த சேச்சி என்னைத் தாண்டிப் போய், ஜெயாவின் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் டிரைவர்களுக்கு நீ வந்து சொல்லிக்கொடு என்றார். ஜெயா போனாள். ஓணத்துக்கு முன்பே புல்வெளி தயாராயிற்று. அடுத்த மாதம் நர்சரியில் அவளுக்கு வேலை. இப்போது அவள்தான் அங்கே சூப்பர்வைசர். களமசேரிப் பக்கம் என் பெயர் யாருக்கும் தெரியாது. ஜெயா சேச்சியின் பர்த்தாவு என்றால் சாயா தருவார்கள்.

வீட்டில் நான் எதையாவது முரட்டுத்தனமாகப் பிடித்துக்கொண்டு நின்றால், அது திறக்காத பாட்டில் மூடியானாலும் சரி, பக்கத்து வீட்டுக்காரரோடு தகராறானாலும் சரி, "அப்பா, கால் வலிக்கும்" என்று மகள் சொல்வாள். அவளுடைய கல்லூரித் தோழிகள்கூடச் சொல்கிறார்கள்.

ஒரே ஒரு சந்தேகம் மட்டும் எனக்குத் தீரவில்லை. அன்று பாலத்தில் ஜெயா விஷயம் தெரிந்து சொன்னாளா, இல்லை நிஜமாகவே என் கால் வலிக்குமென்றுதான் சொன்னாளா? இருபது வருடமாகக் கேட்கிறேன். இதை எழுதி முடித்துவிட்டுக் கூடக் கேட்டேன். எழுத்துப்பிழை திருத்திக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் சொன்னாள்: "ஒங்களுக்கு எது ஆறுதலோ, அதையே வச்சுக்கங்க."