ஓட்டுநரின் நரம்பு பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் பெரிய நுண்ணோக்கி ஒன்று இருக்கிறது. மனித உடம்புக்குள் என்ன கோளாறு என்று படமெடுத்துச் சொல்வது அதன் வேலை. காலையில் அதன் உறையைக் கழற்றுவதும் மாலையில் மாட்டுவதும் என் வேலை. பன்னிரண்டு வருடமாக நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்யாமல்தான் இருந்தோம்.

அப்போதுதான் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. "உயிரியல் மற்றும் மருத்துவப் படமெடுப்பின் மாண்பினைப் பொதுமக்கள் உணரும்பொருட்டு, ஆராய்ச்சியாளர் அனைவரும் இன்று முதல் படமெடுப்புத் தூதர்களாகக் கருதப்படுவர். தூதர்கள் அலுவல் நேரத்தில் பிற பணிகளைக் கூடியவரை தவிர்த்தல் நலம்." பிற பணி என்றால் படமெடுப்பது.

இயக்குநர் எல்லோருக்கும் தோளில் பட்டை மாட்டிவிட்டார். அந்தக் கருவியில் படமெடுக்கத் தெரிந்த ஒரே ஆராய்ச்சியாளர் அம்மாவுக்கும் மாட்டினார். அவர் பட்டையைப் பிடித்தபடியே கேட்டார்.

"சார், எனக்கு நாலு மணி நேரம் மட்டும் வேணும். பஸ் ஓட்டுநர் ஒருத்தரோட நரம்பு வந்திருக்கு."

அந்த ஓட்டுநருக்கு வலது பாதம் மரத்துக்கொண்டே வந்தது. பிரேக்கை மிதித்தோமா இல்லையா என்று கால் அவருக்குச் சொல்வதில்லை. இரண்டு மாதமாக வீட்டில் உட்கார்ந்திருந்தார். எந்த மருந்து கொடுப்பது என்று தெரிந்துகொள்ள, மருத்துவர் கணுக்காலுக்குப் பக்கத்தில் மிளகளவு நரம்பை வெட்டி அனுப்பியிருந்தார். ஆராய்ச்சியாளர் அம்மா அதற்குச் சாயம் ஏற்றித் தயாராக வைத்திருந்தார். கருவியின் வெளிச்சம் பட்டால் அது பச்சையாக ஒளிரும். பட்டுக்கொண்டே இருந்தால் மங்கி மங்கி அணைந்துபோகும். அதனால் மெல்லிய ஒளியில், நாலு மணி நேரம், அடுக்கடுக்காகப் படமெடுக்க வேண்டும்.

"நாலு மணி நேரமா? அதுக்குள்ள மூணு பள்ளிக்கூடத்துக்குத் தூது போயிட்டு வந்துடலாமே!" என்றார் இயக்குநர். "நரம்பு எங்கேயும் ஓடிடாது. பத்தரைக்கு மேயர் வர்றாரு, அவருக்குக் காட்டுங்க."

"காட்டினா மங்கிடும் சார்."

"காட்டாம வெச்சிருந்தா யாருக்குப் பிரயோஜனம்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் அதிகாரம் எங்கள் நிலையத்தில் யாருக்கும் வழங்கப்படவில்லை.

மேயர் பார்த்தார். மேயரின் வீட்டம்மா பார்த்து, அந்தப் பச்சையில் திரைச்சீலை தைக்கச் சொன்னார். ஒரே வாரத்தில் ஊர் முழுக்க நரம்புப் பச்சையில் கைப்பை, நரம்புப் பச்சையில் செருப்பு. துணிக்கடைக்காரர்கள் நிறத்தை ஒத்துப் பார்க்க நரம்பையே பார்க்க வந்தார்கள். ஆராய்ச்சியாளர் அம்மாவோ ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்கு ஓடிக்கொண்டிருந்தார். நான் படமெடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். என் அனுமதிச் சீட்டில் "காட்டலாம்" என்ற கட்டத்தில் மட்டும்தான் குறி போட்டிருந்தது. காட்டினேன். என் தங்கை வீட்டுக்காரருக்குக்கூடக் காட்டினேன். இப்போது நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஓட்டுநரே ஒருநாள் வந்தார். "என் நரம்பு என்னங்க சொல்லுது?"

"அற்புதமா ஒளிருது!" என்று இயக்குநர் அவரைக் கட்டிக்கொண்டு, அங்கேயே நோயாளித் தூதராக நியமித்தார். அவருக்கு வாயெல்லாம் பல். மறுநாளே குடும்பத்தோடு வந்துவிட்டார், பதினேழு பேர். மாமியார் வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"பரவாயில்லையே மாப்பிள்ளை, உள்ளுக்குள்ளயாவது பளபளன்னு இருக்கீங்க."

அடுத்துக் குனிந்தவர் சித்தப்பா. "எனக்கு ஒண்ணும் தெரியலையேப்பா, ஒரே இருட்டா இருக்கு."

அன்றைக்குத்தான் நாலு மணி நேரம் கிடைத்ததென்று ஓடி வந்த ஆராய்ச்சியாளர் அம்மா, கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மறுபடியும் ஒரு துண்டு வெட்டணும்" என்றார் ஓட்டுநரிடம். "மன்னிச்சிடுங்கண்ணே."

இயக்குநர் கலங்கவில்லை. வட்ட முத்திரை குத்திய சான்றிதழ் ஒன்றை ஓட்டுநர் கையில் கொடுத்தார். "இவரது நரம்பு நானூற்றுப் பன்னிரண்டு பேர் முன்னிலையில் மிகச் சிறப்பாகச் செயல்பட்டது எனச் சான்றளிக்கப்படுகிறது."

ஓட்டுநர் அதைப் பேருந்து அலுவலகத்தில் நீட்டினார். மேலாளர் இரண்டு தரம் படித்தார்.

"நரம்பு சிறப்பா இருக்குன்னு போட்டிருக்கே, அப்புறம் என்ன? நாளைக்கே வண்டியை எடுங்க."

"கால் இன்னும் மரத்துத்தாங்க இருக்கு."

"உங்க கால்ல முத்திரை இருக்கா?"

இல்லை என்று ஓட்டுநர் ஒப்புக்கொண்டார்.

அடுத்த வாரம் மலைமேல் தூதர்கள் மாநாடு. நாற்பது தூதர்கள், எல்லோரும் பச்சை உடையில். என்னையும் உறைத் தூதர் என்று சேர்த்திருந்தார்கள். பேருந்தில் ஏறிய பிறகுதான் ஓட்டுவது யார் என்று பார்த்தோம். ஆராய்ச்சியாளர் அம்மா பதறி எழுந்தார்.

"சார், இவருக்குக் கால்ல உணர்ச்சியே இல்லை!"

"அதை மாநாட்டுல பேசிக்கலாம், உட்காருங்க" என்றார் இயக்குநர். வருகை கட்டாயம் என்பதால் ஒருவரும் இறங்கவில்லை. நானும் இறங்கவில்லை.

ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. மாநாட்டில் பேச நேரம் போதவில்லை. திரும்பி இறங்கும்போது, முதல் வளைவிலேயே வண்டி வேகமெடுத்தது. ஓட்டுநர் சாலையிலிருந்து கண்ணெடுக்காமல் கத்தினார்.

"யாராவது சீக்கிரம் குனிஞ்சு பார்த்துச் சொல்லுங்க! என் கால் பிரேக் மேலதானே இருக்கு?"

நாற்பது பேரும் கைப்பேசியோடு எழுந்து முண்டியடித்தோம். இயக்குநர் இரண்டு கையையும் விரித்து வழியை மறித்தார்.

"தள்ளாதீங்க. வரிசையா வாங்க. ஆளுக்கு ஒரு நிமிஷம்."