பிரசார வேனில் உங்கள் தங்கையின் குரல்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன், அந்த உறவு இன்னும் மிச்சமிருக்கிறது என்ற தைரியத்தில் எழுதிக்கொள்வது. நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாகத்தான் இருப்பீர்கள், நர்ஸ் தங்கையே வீட்டோடு வந்து உட்கார்ந்திருக்கிறாளே. இங்கே நான் சுகமாக இல்லை. போனில் சொன்னால் ஆகாதா என்பீர்கள். நீங்கள் எடுத்தால், “இருங்க மாப்ள, அவகிட்ட கேக்கறேன்” என்று உள்ளே போகிறீர்கள், திரும்பி வருவதில்லை. அவள் எடுத்தால் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கிறது. நேரில் வரலாம் என்றால், உங்கள் பிள்ளைகள் என்னைக் கண்டதும் அந்தக் கட்சிப் பாட்டைப் பாடிக் காட்டுகிறார்கள்.

கட்சிக்கு அவளை விற்றுவிட்டேன் என்று சொல்லியிருப்பாள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். கல்யாண வரவேற்புகளில் கீபோர்டு வாசிக்கிறவனுக்கு இப்போது என்ன மரியாதை இருக்கிறது? நான் வாசிக்கும்போது ஜனங்கள் பந்திக்கு எழுந்து போவார்கள், அவ்வளவுதான். அப்படிப்பட்டவனைத் தேடி ஆளுங்கட்சியின் பகுதிச் செயலாளரே வந்து, “தலைவருக்கு ஒரு பாட்டு போடுங்க, கேக்கறவன் கண்ணு கலங்கணும்” என்றார். நான் என்ன, கொள்கைக்காகவா கீபோர்டு வாங்கினேன்? சரி என்றேன். பாடகர் கேட்டுப் படிப்பதற்காக மெட்டை யாராவது முன்கூட்டியே பாடி வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம், டிராக் பாடுவது என்போம். வீட்டிலேயே குரல் இருக்கும்போது வெளியே ஏன் அலைய வேண்டும் என்று உங்கள் தங்கையைக் கூட்டிப்போனேன். யாருக்குப் பாட்டு என்று கேட்டாள். சோப்பு விளம்பரம் என்றேன். ஒரு வார்டுக்கு ஒரே நர்ஸ் போதாது என்று அவளுடைய நர்ஸ் சங்கம் அரசாங்கத்தோடு முறைத்துக்கொண்டிருந்த சமயம், வேறென்ன சொல்ல? வரிகள் இன்னும் எழுதி வரவில்லை, அதனால் சந்தேகமும் வரவில்லை. டூட்டி முடிந்து வந்த களைப்பில், செருப்பைக்கூடக் கழற்றாமல், கண்ணை மூடிக்கொண்டு ஹம்மிங் மட்டும் பாடினாள். மச்சான், சத்தியமாகச் சொல்கிறேன், என் விரல் கட்டையிலேயே நின்றுவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து எனக்காக ஒருநாளும் அப்படிப் பாடியதில்லை. சோப்புக்காகப் பாடினாள்.

அப்புறம் பாடகர் வந்து பாடிவிட்டுப் போனார். அவர் பாடியதும் டிராக் குரலை அழித்துவிட வேண்டும், அது ரெக்கார்டிங்காரர் வேலை. கட்சிக்காரர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று அவசரப்படுத்தினதில், மனுஷன் அழிக்க மறந்துவிட்டார். நானும் கவனிக்கவில்லை, மாலை போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நின்றேன். அடுத்த வாரம் நர்ஸ்கள் ஆஸ்பத்திரி வாசலில் பாய் விரித்துப் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். பிரசார வேன் அங்கேயே வந்து நின்று பாட்டைப் போட்டது. முதலில் இவளுடைய ஹம்மிங், பின்னாலேயே ஏழைகளைக் காக்க வந்த தலைவர். வார்டில் தூக்கம் வராத நோயாளிகளுக்கு இவள் முணுமுணுக்கிற குரல் அது, யாருக்குத்தான் தெரியாது! தலைமை நர்ஸ், “நல்லா இருக்குடி. எங்ககூட உக்காந்துக்கிட்டு அவங்களுக்குப் பாடறியா?” என்று கேட்டாராம். ஒருத்தரும் அவளோடு பேசவில்லையாம். வீட்டுக்கு வந்தவள் அழவில்லை, கத்தவில்லை. “சோப்பு நல்லா நுரைக்குதாங்க?” என்று கேட்டாள். பெட்டியை எடுத்தாள், போய்விட்டாள்.

சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். செயலாளரிடம் போய், அந்த ஹம்மிங்கை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். “அத எடுத்துட்டா அப்புறம் தலைவரு மட்டும்தானய்யா மிஞ்சுவாரு!” என்று பதறினார். முடிவெட்டப் போனால், கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு கடைக்காரர் அதையே முணுமுணுக்கிறார். தட்டிக் கேட்க முடியுமா? வீட்டில் இல்லாத பொண்டாட்டி தெருவில் பாடிக்கொண்டு போகிறாள் மச்சான், ஜன்னலைச் சாத்தவும் மனசில்லை, திறந்து வைக்கவும் தெம்பில்லை. ஒருநாள் வேனுக்குப் பின்னாலேயே தெருமுனை வரைக்கும் நடந்துவிட்டேன். ஆதரவாளர் போலிருக்கிறது என்று கையில் கொடியைத் திணித்துவிட்டார்கள். அதை எதிர்வீட்டுக்காரர் போட்டோ எடுத்து ஊரெல்லாம் அனுப்பியிருக்கிறார். உங்கள் தங்கைக்கும் வந்திருக்கும். அதில் என் கண் கலங்கியிருப்பது தலைவருக்காக இல்லை என்று அவளிடம் சொல்லுங்கள்.

ஆகவே எப்படியாவது அவளைச் சமாதானப்படுத்தி அனுப்பி வையுங்கள். இனி நான் அரசியல் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன். அவளும் சங்கம், போராட்டம் எல்லாவற்றையும் விட்டுவிடட்டும். பாட்டும் வேண்டாம், கோஷமும் வேண்டாம், ரெண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு குடித்தனம் நடத்துவோம்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், வேறு பாட்டு கற்றுக்கொள்ளட்டும். அவளுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை, நீங்களே பார்த்து ஏதாவது சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் வீட்டில் பசை தீர்ந்துவிட்டது. வாங்கப் போன வழியில் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்ட வேண்டியிருந்தது. அங்கே உங்கள் தங்கை! யாரும் பக்கத்தில் இல்லாமல் பாயின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள், உங்களிடம்கூடச் சொல்லாமல் தினமும் வருகிறாள் போலிருக்கிறது. வேன் வந்து பாட்டைப் போட்டது. ஹம்மிங் முடிந்து தலைவர் வருகிற இடத்தில், இவள் எழுந்து நின்று அதே மெட்டில் தன் வரியைப் போட்டுப் பாடினாள். ஒரு நர்ஸுக்கு எத்தனை உயிர், கணக்குச் சொல்லுங்க தலைவரே என்று. ஒலிபெருக்கிக்கு மேலே கேட்டது மச்சான். முதலில் தலைமை நர்ஸ் அவளோடு சேர்ந்து பாடினார், அப்புறம் மொத்தப் பேரும் கைதட்டிக்கொண்டு பாடினார்கள். வேன்காரர் தானாகவே பாட்டை நிறுத்திவிட்டார்.

வேனோடு வந்திருந்த செயலாளர் என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். “உங்க பாட்டத் திருடிட்டாங்கன்னு ஒரு புகார் எழுதிக் குடுங்க, அத்தனை பேரையும் போலீஸ் அள்ளிட்டுப் போயிரும்” என்றார். பேனாவும் அவரே கொடுத்தார். பேனாவை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். “திருட்டு இல்லீங்க, அது அவ குரல்” என்று சொல்லிவிட்டேன். இனி எந்தக் கச்சேரியிலும் என்னைப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். பயமாகத்தான் இருக்கிறது. அவளைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது.

மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். அவளை அனுப்ப வேண்டாம். நாளைக்குக் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு அந்த வாசலுக்கு நானே போகிறேன். என்னோடு பேச வேண்டாம், என் முகத்தைப் பார்க்கவும் வேண்டாம். கூட்டம் கைதட்டுவதில் தாளம் இழுக்கிறது, அதை மட்டும் என்னிடம் விடச் சொல்லுங்கள்.